வீட்டுக்குள்ளேதானே குடிக்கிறான்!

"ஊட்டுக்குள்ளதானே குடிக்கறான்? ரோட்டுல உழுந்தா கெடக்கறான்?" என்று கேட்டாள் என்னைப் பெற்றவள். என் வீட்டுக்காரரைப் பெற்ற அத்தையோ, "எம்புள்ள ஒழைக்கறான், சாயங்காலம் ஒரு வாய் ஊத்திக்கறான், உனக்கு இன்னாடி கொறைச்சல்?" என்றார். பக்கத்துத் தறிக்காரரின் மனைவி என்னைவிட இளையவள். புருஷன் அடித்துத் தோள் வீங்கி நின்ற நாளில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன அடிக்கறதில்லியேக்கா, நீ குடுத்து வெச்சவ" என்றாள். மற்ற இருவருக்கும் பதில் சொல்லத் தெரிந்த எனக்கு அவளிடம் சொல்ல வார்த்தை வரவில்லை. அடி வாங்காமல் இருப்பதையே ஒரு பெண்ணின் பாக்கியமாக ஆக்கிவைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் நின்றுகொண்டு என் வலியை நான் எதைக் காட்டிச் சொல்வேன்?

காட்ட என்னிடம் காயம் இல்லை. தெருவில் மானம் போகவில்லை. அடகுக் கடை ரசீது இருக்கிறது, அது இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. ஒரு மனிதர் தினமும் சாயங்காலம் தன் வீட்டில், தன் பாயில் உட்கார்ந்து குடிக்கிறார். வெளியே தெரிவது அவ்வளவுதான். பக்கத்திலேயே இருப்பவளுக்கு என்ன ஆகிறது என்று கேட்க ஒருவரும் வரவில்லை. நானே சொல்கிறேன்.

வீட்டுக்குள்ளே என்கிறார்களே, அந்த வீடு எப்படிப்பட்டது என்று தெரியவேண்டும். எங்கள் ஆரணியில் மட்டுமல்ல, தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு என்று சுற்றியுள்ள எந்த ஊரிலும் தறிக்காரர் வீடு என்றால் முதலில் தறி, மிச்ச இடத்தில்தான் மனிதர். வாசலைத் தாண்டியதும் கூடம், கூடத்தை அடைத்துக்கொண்டு குழித்தறி. தறிக்காரர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதியை மிதிப்பார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டியும் அட்டைகளும் தொங்கும். தறிக்குப் பின்னால் ஒரு தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுப்பு. பிள்ளைகள் படிப்பதும் நாங்கள் படுப்பதும் வந்தவர்களை உட்காரவைப்பதும் தறி விட்டுக்கொடுத்த நாலு சாண் தரையில். கதவைச் சாத்திக்கொள்ள இன்னொரு அறை இல்லை. அவர் குடிக்கும்போது நான் எங்கே போவது? தறிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நான். அந்த நாற்றம் தடுப்பைக் கேட்டுக்கொண்டா நிற்கும்?

வேலை முடிந்து ஆபீசிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வேலை வேறு, வீடு வேறு. எனக்கு அப்படி இல்லை. காலையில் எழுந்தால் தார் சுற்றவேண்டும். பாவு தீர்ந்து புதுப் பாவு வந்தால் பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்கவேண்டும், ஆயிரக்கணக்கான இழை. கோர்வைச் சேலை என்றால் இன்னும் மோசம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று நாடா ஓடவேண்டும். ஒரு ஆளால் ஆகாது. அவர் குழியில் உட்கார்ந்து நடு நாடாவையும் ஒரு கரையையும் பார்த்துக்கொள்ள, நான் பக்கத்தில் உட்கார்ந்து மறு கரை நாடாவைப் போடுவேன். முழங்கை இடிக்கும் தூரம். நேற்றைய சாராயம் அவர் மூச்சில் இருந்தால் அதைத்தான் நான் மதியம் வரை சுவாசிக்கிறேன். அவர் நிதானம் தவறினால் என் நாடாவும் நிற்கும். என் வேலையும் என் மூச்சும் அவர் குடியோடு இப்படிப் பிணைந்துகிடக்க, "வீட்டுக்குள்ளேதானே" என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

சாயங்காலம் ஆறரை ஆனால் குழியிலிருந்து எழுந்து காலை உதறுவார். சட்டையை மாட்டுவார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும். திரும்பிவரும்போது கையில் கறுப்பு கேரி பேக். பையன் கடைக்கு ஓடுவான், மிக்சரும் தண்ணீர் பாட்டிலும் வாங்க. அவனை யாரும் போகச் சொல்லவேண்டியதில்லை, அந்தக் கறுப்புப் பையைப் பார்த்தாலே போகிறான். என் கல்யாணத்துக்கு அம்மா சீர் கொடுத்த எவர்சில்வர் டம்ளர், என் பெயர் வெட்டியது, அதில்தான் ஊற்றிக்கொள்வார். வேறு டம்ளர் எடுங்கள் என்று நான் கேட்டால் அவருக்குப் புரிவதே இல்லை. "எல்லாம் ஒரே டம்ளர்தானே?" என்கிறார்.

குடி எங்கள் வீட்டுக்குள் வந்த வழியை நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். 2003 நவம்பர் கடைசியில் சில்லறை மதுக்கடைகளையும் அரசே எடுத்து டாஸ்மாக் மூலம் நடத்த ஆரம்பித்தது. அப்போது கடைகள் பெரும்பாலும் ரோட்டோரத்தில் இருந்தன. குடிக்கிறவர்கள் அங்கேயே நின்றோ பாரில் உட்கார்ந்தோ குடித்துவிட்டு வருவார்கள். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. 2017 ஏப்ரல் 1ஆம் தேதி தமிழ்நாட்டில் 3,000க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. நல்லது நடந்தது என்று நினைத்தோம். மூடிய கடைகளுக்கு மாற்று இடம் தேடி ஊருக்குள், குடியிருப்புகளுக்கு நடுவே வந்தார்கள். அந்த மாதமே திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் கடை வேண்டாம் என்று மறியல் செய்த பெண் ஒருவரைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே டிவியில் பார்த்தது. சாலையில் இருந்தது தெருவுக்கு வந்துவிட்டது.

பிறகு 2020 வந்தது. மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் நின்றன. ஜவுளிக் கடைகள் பூட்டிக்கிடந்தன. நெய்து முடித்த சேலைகள் முதலாளி வீட்டு பீரோவில் அடைந்தன. புதுப் பாவு இல்லை, கூலி இல்லை. ரேஷன் அரிசியில் நாள் ஓடியது. அந்த நிலையில் மே 7ஆம் தேதி மதுக்கடைகளைத் திறந்தார்கள். அன்று ஒரே நாளில் 170 கோடி ரூபாய்க்கு மேல் விற்றது. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, அரசு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடை வாங்கி மே 16ஆம் தேதி மறுபடியும் திறந்தது. பார்கள் மட்டும் திறக்கவில்லை. வாங்கினவர்கள் எங்கே குடிப்பார்கள்? வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் என் மாமனார் இருந்த வரை வாசற்படிக்கு இந்தப் பக்கம் பாட்டில் வந்ததில்லை. எங்காவது குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்து படுத்துவிடுவார்கள். அந்தக் குனிந்த தலையில் ஒரு வெட்கம் இருந்தது. ஊரடங்கில் அந்த வெட்கம் போனது. பார் திறந்த பிறகும் பாட்டில் வீட்டைவிட்டுப் போகவில்லை. "பார்ல போனா செலவு, சகவாசம் கெட்டது, ஊட்லயே அளவா குடிக்கறேன், உனக்கும் நல்லதுதானே?" என்றார். எனக்காகச் செய்வதுபோல.

கடைக்கு எதிராகப் பெண்கள் போராடியிருக்கிறார்கள். எங்களுக்கு வடக்கே, ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் துபகுண்டா என்ற கிராமம். அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்துக்கொண்டிருந்த கூலிக்காரப் பெண்கள் 1992இல் சாராய வண்டியை ஊருக்குள் விடாமல் விரட்டினார்கள். அது மாவட்டம் முழுக்கப் பரவி, 1993இல் அந்த மாநிலத்தில் சாராயம் தடைசெய்யப்பட்டது, 1995இல் முழு மதுவிலக்கே வந்தது. இரண்டே வருடத்தில் வருமானம் போகிறதென்று தளர்த்தினார்கள், அது வேறு. இங்கே சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள், பள்ளிக்கும் கோயிலுக்கும் பக்கத்தில் இருந்த கடையை அகற்றச் சொல்லி, 2015 ஜூலை 31ஆம் தேதி குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் செல்போன் கோபுரத்தில் ஏறி உயிரையே விட்டார். அந்தப் பெண்களையும் அந்தப் பெரியவரையும் நினைத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவர்கள் எதிர்த்து நின்றது கடையை. கடை தெருவில் இருக்கிறது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பத்துப் பெண்கள் சேர்ந்து போகலாம். என் வீட்டுக் கூடத்தில் என் பெயர் வெட்டிய டம்ளரில் இருக்கிற சாராயத்தை எதிர்க்க என்னோடு யார் வருவார்கள்? வந்தவர்களை உட்காரவைத்துக் காபி கொடுத்து, "ஒண்ணுமில்ல, சும்மா பேசிக்கிட்டு இருந்தோம்" என்று சமாளிக்கும் வேலையும் என் தலையில்தான்.

காசுக் கணக்கைச் சொல்லக் கூசுகிறது, இருந்தாலும் சொல்லவேண்டும். 2023 செப்டம்பர் 15ஆம் தேதி மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். என் பெயரில் முதல்முதலாக ஒரு பணம் வங்கிக்கு வந்த அன்று நான் அழுதேன். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சாதாரண ரக குவார்ட்டருக்குப் பத்து ரூபாய் ஏற்றி 140 ஆக்கினார்கள். ஆயிரம் ரூபாய்க்கு ஏழு குவார்ட்டர், இருபது ரூபாய் மிச்சம். தினம் ஒன்று என்றால் ஒரு வாரம். எனக்கு ஒரு மாதத்துக்கு வருவது அவருக்கு ஒரு வாரத்துக்குப் போகிறது. மிச்ச மூன்று வாரத்துக்கு எங்கிருந்து வரும்? எங்கள் கூலியிலிருந்துதான். 2023-24இல் மது விற்பனையில் அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு 48,344 கோடி. அந்தக் கோடிகளில் நான் தார் சுற்றிய காசும் இருக்கிறது. பெண்ணுக்குக் கொடுக்கிறோம் என்று மேடையில் சொல்கிறவர்கள், அதே பெண்ணின் அடுப்படியிலிருந்து எடுத்ததையும் அதே மேடையில் சொல்லட்டும்.

அலுப்பு என்கிறார்கள். குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவருக்கு முதுகு வலிக்கும், முழங்கால் மரத்துப்போகும், எனக்குத் தெரியாதா? அவர் முதுகுக்குத் தைலம் தேய்த்த கை இது. அலுப்புக்குத்தான் குடிக்கிறார் என்றே நானும் இருந்தேன். ஆனால் எனக்கும் முதுகு இருக்கிறது. அவரோடு சேர்ந்து நாடா போட்டுவிட்டு எழுந்து நான் சோறு வடிக்கிறேன், பாத்திரம் துலக்குகிறேன், தண்ணீர் பிடித்துவைக்கிறேன், பிள்ளைகளுக்குத் துணி துவைக்கிறேன், ராத்திரி மறுபடியும் ராட்டையில் உட்காருகிறேன். என் அலுப்புக்கு யார் ஊற்றிக் கொடுத்தார்கள்? ஆணின் உடம்பு வலித்தால் ஊரே இரங்குகிறது. பெண்ணின் உடம்பு வலித்தால் அது அவள் பிறந்த கணக்கில் எழுதப்படுகிறது.

என் வீட்டுக்காரர் கை எப்படிப்பட்ட கை என்று சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். அவர் போட்ட கோர்வையில் கரையும் உடலும் சேர்ந்த இடத்தை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கவேண்டும், கண்ணுக்குத் தெரியாது. காஞ்சிபுரத்துக் கடைக்காரர்களே எங்கள் முதலாளியிடம் இவர் நெய்தது வேண்டும் என்று சொல்லி வாங்கிப்போயிருக்கிறார்கள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறது அரசு. அந்தப் பெருமை இப்படிப்பட்ட கைகளில் இருக்கிறது. இப்போது அந்தக் கை காலையில் நடுங்குகிறது. இழை அறுந்தால் எடுத்துப் பிணைக்க விரல் நிற்கவில்லை. அச்சை இழுத்து அடிக்கிற அடி ஒரே அளவாக விழாவிட்டால் துணியில் பட்டை பட்டையாகத் தெரிந்துவிடும். முதலாளி சேலையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கூலியில் பிடித்துக்கொள்வார். ஒருமுறை ஊறுகாய் பட்ட விரலோடு முந்தானையைத் தொட்டுவிட்டார், அந்தக் கறைக்குப் போன கூலியில் பெண்ணின் பரீட்சைக் கட்டணமும் சேர்ந்து போயிற்று. நடுக்கம் நிற்க இப்போது காலையிலேயே கொஞ்சம் வேண்டியிருக்கிறது. இரவு குடித்ததில் ஒரு கட்டிங் அளவு மிச்சம் வைத்து அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

முன்பெல்லாம் கார்த்திகை பிறந்தால் எனக்கு விடிந்ததுபோல இருக்கும். ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார். ஒரு மண்டலம் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். விடியற்காலையில் குளித்து, நெற்றியில் சந்தனத்தோடு தறியில் உட்காரும்போது எனக்குக் கல்யாணம் ஆன புதிதில் பார்த்த முகம் திரும்பிவரும். பிள்ளைகள் அவர் மடியில் ஏறும். மலைக்குப் போய் இருமுடியை இறக்கிவிட்டு வந்த ஓரிரு நாளில் கறுப்புப் பை வந்துவிடும். "ஐயப்பனுக்காக விட முடியுது, எனக்காக விட முடியாதா?" என்று அப்போதெல்லாம் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறேன். கடந்த கார்த்திகையில் அவர் மாலை போடவில்லை. "இந்த வருசம் வேணாம், ஒடம்பு சரியில்ல" என்றார். சாமியிடம் சொல்லிவிட்டுத் தவறக்கூடாது என்று பயந்திருக்கிறார். விட முடியாது என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. அன்று எனக்குக் கோபம் வரவில்லை. அடிவயிற்றில் பயம்தான் வந்தது.

அந்தப் பயத்தோடுதான் இப்போது வாழ்கிறேன். ராத்திரி அவர் குறட்டை நின்றால் எழுந்து மூக்கில் கைவைத்துப் பார்க்கிறேன். கண்ணில் மஞ்சள் ஏறியிருக்கிறதா, காலில் வீக்கம் இருக்கிறதா என்று தூங்கும்போது தொட்டுப் பார்க்கிறேன். ஸ்கேன் எடுத்ததில் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று எழுதியிருந்தது. நிறுத்தினால் இந்தக் கட்டத்தில் ஈரல் தேறிவிடும், நிறுத்தாவிட்டால் சுருங்கிப்போகும், பிறகு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். "அளவா குடிச்சா ஒடம்புக்கு நல்லது" என்று வீட்டில் பாடம் நடத்துகிறாரே, மது புற்றுநோயைக் கொண்டுவரும் பொருள் என்று 1988லேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்திவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று 2023 ஜனவரியில் அந்த நிறுவனம் வெளிப்படையாகவே சொன்னது. வீட்டில் குடித்தால் ஈரல் விட்டுவைக்குமா?

"நிறுத்தச் சொல்லு, நிறுத்தச் சொல்லு" என்று என்னிடம் வந்து சொல்கிறவர்களுக்கு ஒன்று தெரியவேண்டும். தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் தாங்காது. கை கால் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு இல்லாத உருவம் தெரியும், இல்லாத குரல் கேட்கும், உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவமனையில் வைத்து மாத்திரையும் சத்து ஊசியும் கொடுத்துத்தான் இறக்கவேண்டும். இதை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான்கு நாள் வீட்டில் பூட்டிவை என்று யோசனை சொன்ன பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர் செத்திருந்தால் என்னைத்தான் கொலைகாரி என்றிருப்பார்கள்.

இன்னொரு யோசனை இதைவிடக் கொடுமை. குடிக்கிறவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கலாம், ஒரே வாரத்தில் குடியை வெறுத்துவிடுவார் என்று பொடி விற்கிறார்கள். சொந்தக்காரி ஒருத்தி வாங்கியே கொண்டுவந்துவிட்டாள். குடியை விட டாக்டர்கள் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்று ஒரு மருந்து உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். அதனால்தான் நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே கொடுப்பார்கள். தெரியாமல் கொடுத்தால் சாகவும் கூடும். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று கொடுத்தவளுக்கும் தெரியாது, விற்றவனும் சொல்லவில்லை. நான் அதைச் சாக்கடையில் கொட்டினேன். என்னை என்னவாக ஆக்கப் பார்க்கிறார்கள்? கட்டினவருக்குச் சோற்றில் கலந்து கொடுக்கிறவளாகவா?

வேலூர் எங்களுக்குத் தூரமில்லை. அங்கே பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957இலிருந்து நடக்கிறது. நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் கூடவே தங்கி வைத்தியம் பார்ப்பது அங்கே வழக்கம். நான் போய் விசாரித்துக்கொண்டு வந்து, தங்க எனக்கு ஆட்சேபம் இல்லை, வாங்க போகலாம் என்றேன். "பாகாயமா? இன்னா என்ன பைத்தியம்னு நெனச்சிக்கினியா?" என்று கத்தினார். கத்தியது தெருவுக்குக் கேட்டது. எங்கள் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே வசவு. அத்தை மூன்று நாள் என்னோடு பேசவில்லை. குடித்துச் சாகிறவனுக்கு வராத அவமானம், வைத்தியத்துக்குப் போகிறவனுக்கு வருகிறது.

பணம் இல்லாததால் வந்த வினை என்றும் சிலர் சொல்வார்கள். மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி வீட்டில் பணத்துக்கா பஞ்சம்? அவருடைய பேரன் ரங்கநாதன் குடி நோயால் இளவயதிலேயே போனார். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் அழுதுகொண்டே உட்கார்ந்துவிடாமல், 1980இல் சென்னையில் கணவர் பெயரிலேயே குடிநோய்க்கென்று சிகிச்சை மையம் தொடங்கினார். 1992இல் சாந்திக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அங்கே குடிக்கிறவருக்கு மட்டுமல்ல, வீட்டில் இருக்கிற பெண்ணுக்கும் தனியே ஆலோசனை உண்டு. அதைக் கேள்விப்பட்டபோதுதான், என் தூக்கம் கெட்டதும், வண்டிச் சத்தம் கேட்டால் என் நெஞ்சு அடித்துக்கொள்வதும்கூட வைத்தியம் பார்க்கவேண்டிய சங்கதி என்று ஒருவர் ஒப்புக்கொண்டதுபோல இருந்தது. அதுவரை எனக்கு வந்ததை நோய் என்று சொன்னவர்கள் இல்லை. வாய் என்றுதான் சொன்னார்கள். "இவ வாய் தாங்காமத்தான் குடிக்கறான்."

பிள்ளைகளைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பு இல்லை. பெண் பன்னிரண்டாம் வகுப்பு. அப்பா குடிக்க உட்கார்ந்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்பு ஓரம் போய்விடுகிறாள். சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. குடித்த பிறகு அவர் நல்லவராகத்தான் பேசுவார், கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாசம் காட்டுவார், சொன்னதையே நூறு தடவை சொல்வார், அவள் தலையைத் தடவுவார். அவள் உடம்பு சுருங்குவதை நான் பார்க்கிறேன். பையன் எந்த ரகம் எத்தனை ரூபாய் என்று மனப்பாடமாகச் சொல்கிறான். 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக்கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டம். வீட்டுக்குள் குடித்தால் ஏழு வயதிலேயே பாடம் தொடங்கிவிடுகிறது, அதைத் தடுக்கச் சட்டம் இல்லை.

எனக்கென்று ஒரு சட்டம் இருப்பதாகச் சொன்னார்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005இல் நிறைவேறி அடுத்த ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அடிப்பது மட்டும் வன்முறை இல்லை, வார்த்தையால் மனத்தைப் புண்படுத்துவதும், வீட்டுச் செலவுக்கான பணத்தைப் பறிப்பதும் வன்முறை என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. மாவட்டத்துக்குப் பாதுகாப்பு அலுவலர் உண்டு, 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். ஒருநாள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு ஓர் அதிகாரியிடம் போய் நின்றேன். முதல் கேள்வி, "அடிச்சாரா?" இல்லை என்றேன். பேனாவை மூடிவைத்துவிட்டார். எழுதியிருக்கிற சட்டம் ஒன்று, எழுதவேண்டியவர்கள் மனத்தில் இருக்கிற சட்டம் இன்னொன்று. அந்த இரண்டாவது சட்டத்தை என் அம்மாவும் அத்தையும் ஏற்கெனவே எனக்கு வாசித்துக் காட்டிவிட்டார்கள்.

அவரைவிட்டுப் போய்விடு என்கிறார்கள் படித்த பெண்கள் சிலர். எங்கே போவேன்? என் தொழில் அந்தத் தறியில் இருக்கிறது. நெசவாளர் அட்டை அவர் பெயரில். வீட்டு வாடகை அட்வான்ஸ் அவர் பெயரில். முதலாளியிடம் வாங்கின முன்பணமும் அவர் பெயரில்தான், அதைக் கழிக்கும் உழைப்பில் மட்டும் பாதி என்னுடையது. போகவும் எனக்கு மனம் இல்லை. அந்த மனிதர் எனக்கு வேண்டும். நடுங்காத கையோடு வேண்டும். மாலை போட்ட கார்த்திகையில் பார்த்த அந்த மனிதர் மீதிப் பதினோரு மாதமும் வேண்டும். இதைக் கேட்பது அதிகப்படியா?

போன சனிக்கிழமை கூலி நாள். பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நானே முதலாளி வீட்டுக்குப் போனேன். இந்த வாரத்திலிருந்து கூலியை என் கையில் கொடுங்கள் ஐயா என்றேன். முன்பணத்துக்கான பிடித்தம் போக மிச்சத்தில் வைத்தியத்துக்கு எடுத்துவைக்கப்போகிறேன், அவரை எப்படியும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றும் சொன்னேன். முதலாளி கெட்டவர் இல்லை. என் பெண் வயதுக்கு வந்த சடங்குக்குச் சேலை எடுத்துக் கொடுத்தவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அது எப்படிம்மா, அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

எதற்குக் கேட்கவேண்டும்? நீங்கள் விரித்துப் பார்த்துச் சரி என்று மடித்துவைத்தீர்களே, அந்தச் சேலையின் ஒரு கரை முழுக்க என் நாடா ஓடியது. அதற்கான பாவைப் பிணைத்தவள் நான். அதற்குள் போன ஊடைக்குத் தார் சுற்றியவள் நான். அவர் கை நடுங்கி விட்ட இழைகளை ராத்திரியில் விளக்கு வைத்து எடுத்துச் சேர்த்தவளும் நான்தான். என் கூலியை என் கையில் தர, அதைக் குடிக்கிறவரிடம் ஏன் ஐயா உத்தரவு கேட்கிறீர்கள்?